தாழியும் கல்லறையும்: தொல்புதைவுகளைப் பற்றிய புதிய ஆய்வுகளுக்கு ஒரு மதிப்பீடு

மண்ணுக்குள் வைக்கப்பட்ட மனிதரைப் பற்றிப் பேசும் பொறுப்பு யாருடையது என்னும் கேள்வி அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் புதிய வேகத்துடன் எழுந்துள்ளது. 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கையை வெளியிட்டது. சிவகளை இடுகாட்டுத் தாழிகளின் காலம் அதில் பேசப்பட்டது. அதே ஆண்டில், கீழடிக்கு அண்மையிலுள்ள கொந்தகை இடுகாட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் அமைக்கப்பெற்று, அம்முகங்களின் படங்கள் நாளேடுகளில் வெளிவந்தன. இச்செய்திகள் பேராசிரியர்களின் வட்டத்தோடு நிற்கவில்லை. அரசியல் மேடைக்கும், பள்ளிக்கூட வகுப்பறைக்கும், நம் பிரசங்க பீடத்திற்கும் வந்து சேர்ந்துள்ளன. உயிர்த்தெழுதல் திருநாள் அருளுரையிலும் அடக்க ஆராதனையிலும் தாழியை மேற்கோளாக எடுத்தாளும் ஆயர்கள் இன்று பலர்.

ஆகவே இவ்வாய்வுகளை மதிப்பிட்டறிவது திருப்பணியாளருக்குக் கடமையாகிறது. ஆய்வுக்கூடத்து நுட்பங்களில் தீர்ப்புக் கூறுவது நம் தகுதிக்கு உட்பட்டதன்று. ஆயினும், கிடைத்த சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் வழி நேரியதா என்று கேட்பது, திருமறையை விளக்கப் பயின்ற ஒவ்வொருவருக்கும் பழகிய வேலையே. பாடத்தில் இருப்பது எது, விளக்குவோன் கொண்டுவந்து சேர்த்தது எது என்று பிரித்தறிவதையே விளக்கவியல் நமக்குக் கற்பித்தது. அதே அளவுகோலைப் புதைகுழிக்கும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பழைய விளக்கங்கள்

தென்னாட்டில் ஏர் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் பெருந்தாழிகள் வெளிப்படுவது புதிதன்று. மக்கள் அவற்றை முதுமக்கள் தாழி என்று வழங்கினர். முன்னொரு காலத்தில் மனிதர் சாவின்றி நெடுநாள் வாழ்ந்து, உடல் சுருங்கி, விளக்குமாடத்தில் வைக்கத்தக்க அளவினராயினர் என்றும், அவர்களைப் பேண இயலாத பிள்ளைகள் சிறிது உணவும் நீரும் உடன் வைத்துத் தாழிக்குள் இட்டுப் புதைத்தனர் என்றும் ஊர்தோறும் ஒரு கதை உண்டு. இதனை நகைத்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இக்கதையைக் கட்டியவர் கண்ணால் கண்டதையே அடிப்படையாகக் கொண்டனர். தாழியின் வாய் குறுகியது; உள்ளே மனித எலும்பு; பக்கத்தில் சிறு கலங்கள். இம்மூன்றையும் இணைக்க ஒரு காரணம் தேடினர். தேடியவர்களுக்கு இருந்த அச்சம், முதியோரைப் பிள்ளைகள் கைவிடுவர் என்பது. அந்த அச்சமே கதையாயிற்று. புதைக்கப்பட்டவரைப் பற்றி அக்கதை கூறுவது குறைவு. கதை சொன்னவரைப் பற்றிக் கூறுவது மிகுதி.

பின்வந்த கற்றோரும் இவ்விதிக்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர். நம் திருச்சபை வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற இராபர்ட் கால்டுவெல் பேராயர் கொற்கையில் அகழ்ந்து பார்த்தவர். தென்னாட்டு ஈமத்தாழிகளைப் பற்றி 1877-இல் ஆய்விதழில் எழுதியவர். பெர்லின் நகரத்து அறிஞர் யாகோர் 1876-இல் ஆதிச்சநல்லூருக்கு வந்து, தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ அவ்விடத்தில் அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் எடுத்தார். அவருடைய பொருட்பட்டியல் 1915-இல் அச்சேறியது. இம்மூவரும் உழைப்பால் நம் நன்றிக்குரியவர்கள். ஆயினும் அக்காலத்து அகழ்வில் முதலிடம் பொருளுக்கே கிடைத்தது. பொன்னும் வெண்கலமும் பேழையில் ஏறின. எலும்புகளில் மிகச் சிலவே காக்கப்பட்டன. யாருக்காகத் தாழி வனையப்பட்டதோ அவரே அவ்வாய்வில் கடைசி இடத்தைப் பெற்றார்.

2. மண்டையோடும் இனமும்

எஞ்சிய சில மண்டையோடுகளும் பின்னர் அளக்கப்பட்டன. சக்கர்மன் என்னும் உடற்கூற்றறிஞர் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி எழுதிய நூல் 1930-இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. சட்டர்ஜி, குப்தா ஆகியோர் 1963-இல் மீண்டும் அவ்வெலும்புகளை ஆராய்ந்தனர். மண்டையோட்டின் நீள அகலங்களைக் கணக்கிட்டு, இது இன்ன இனம், அது இன்ன இனம் என்று வகைப்படுத்துவது அக்கால அறிவியலின் வழக்கம். ஒரே இடுகாட்டில் இரண்டு மூன்று இனங்கள் கிடந்தன என்றும், வந்தவர் யார், இருந்தவர் யார் என்றும் வாதங்கள் எழுந்தன.

இம்முறையின் குறை இன்று வெளிப்படை. ஒரே குடும்பத்தாரின் தலைவடிவிலும் வேறுபாடு உண்டு. வளர்ப்பும் உணவும் நோயும் எலும்பின் வடிவத்தை மாற்றக்கூடும். பல நூற்றாண்டுகள் பயன்பட்ட இடுகாட்டிலிருந்து எடுத்த சில ஓடுகளைக் கொண்டு ஒரு மக்கட்கூட்டத்தின் பிறப்பை வரையறுப்பது, ஒரு நிருபத்தின் இரண்டு வசனங்களைக் கொண்டு பவுலின் இறையியல் முழுவதையும் எழுதுவதற்கு ஒப்பாகும். அளவுகோல் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்வியே கோணலாக இருந்தது. மனிதரை இனங்களாகப் பிரித்து ஏற்றத்தாழ்வு கற்பித்த ஒரு காலம் தன் கேள்வியை இறந்தோரிடம் கேட்டு, தான் விரும்பிய விடையைப் பெற்றுக்கொண்டது. இன்று அவ்வகைப்பாட்டைக் கைவிட்டோம் என்கிறோம். கேட்கும் மனப்பான்மையையும் கைவிட்டோமா என்பதைப் பின்வரும் செய்திகளைக் கொண்டு நாம் சோதிக்கவேண்டும்.

3. காலக்கணிப்பு கூறுவதும் கூறாததும்

புதிய அறிவியலின் முதற்கொடை காலத்தை அளக்கும் திறன். உயிருள்ள எதுவும் காற்றிலிருந்து கதிரியக்கக் கார்பனை ஏற்கிறது. இறந்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும். மற்றொரு முறை மண்பாண்டத்திற்குரியது. பாண்டத்திலுள்ள படிக மணிகள் சூளையில் வெந்த நாள் முதல் சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைச் சேமிக்கின்றன. அதனை ஒளியால் வெளிப்படுத்தி அளந்து, பாண்டம் வெந்த காலத்தைக் கணிப்பர்.

2004-05 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரில் மீண்டும் அகழ்ந்து 160-க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அங்கிருந்து பெற்ற மாதிரிகளின் கார்பன் காலம், கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் 2019-இல்தான் வெளியே வந்தது. அதற்கு அண்மையிலுள்ள சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது. பின்பு 2025 ஆம் ஆண்டின் அறிக்கை, அதே சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரியும் பானையோடும் கி.மு. 3345 முதல் கி.மு. 2953 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை என்று கூறிற்று.

இவ்வறிக்கையை எழுதிய கா. இராஜன், இரா. சிவானந்தம் ஆகிய இருவரும் பாராட்டுக்குரியவர்கள். மாதிரிகளைப் புளோரிடா, லக்னோ, அகமதாபாத் ஆகிய மூன்று இடங்களிலுள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பியதும், எந்த மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பதிந்ததும் நேர்மையான முறைகள். ஆயினும் வாசிப்போர் மனத்தில் இருத்தவேண்டிய சில வேறுபாடுகள் உள்ளன. நெல் ஓராண்டுப் பயிர். அதன் காலம் அறுவடையின் காலம். கரியின் காலமோ மரம் வளர்ந்த காலம். முதிர்ந்த மரத்தின் உள்வைரத்தை எரித்திருந்தால், எரித்த நாளைவிடக் கரி பழமையாகத் தோன்றும். பானையோட்டின் காலம் அது சூளையில் வெந்த காலம். குழிக்குள் வைத்த காலம் பிந்தியதாக இருக்கலாம். நெல்லின் காலத்திற்கும் கரி, ஓடு ஆகியவற்றின் காலத்திற்கும் இடையே ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் உள்ளன. வெவ்வேறு தாழிகளாதலின் இதில் முரண்பாடு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஒரே இடுகாடு அத்துணை நெடுங்காலம் பயன்பட்டதா, அன்றி மாதிரிகளுள் சில இடம் மாறியவையா என்பது மேலும் பல தாழிகளை ஆராய்ந்தே தீர்க்கப்படவேண்டும்.

அறிக்கை இவ்வளவில் நிற்க, மேடைகள் நெடுந்தூரம் சென்றுவிட்டன. உலகிலேயே முதன்முதல் இரும்பை உருக்கியவர் தமிழரே என்று ஒருசாரார் முழங்க, மறுசாரார் அகழ்ந்தவரின் நோக்கத்தையே ஐயுற்றனர். தொன்மையில் மகிழ்வது தவறன்று. நெடுங்காலம் வரலாறற்றோர் எனத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அது ஆறுதலும் ஆகும். ஆனால் ஒரு மனிதனின் மதிப்பு அவன் மூதாதையர் எத்தனை ஆண்டுகளுக்கு முன் இரும்பை உருக்கினர் என்பதில் தங்கியிருக்குமாயின், காலக்கணிப்பு மாறும் நாளில் அம்மதிப்பும் மாறிப்போகும். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று அறிக்கையிடும் திருச்சபை, தொன்மையை மதிப்பின் அடிப்படையாக்கும் போட்டியில் எப்பக்கத்திலும் சேர இயலாது.

4. மரபணுவும் முகமும்

இரண்டாவது கொடை, பண்டை எலும்பிலிருந்து மரபணுவைப் படிக்கும் திறன். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் இது அரிதாகவே கைகூடும். அரியானாவிலுள்ள இராக்கிகடி என்னும் சிந்துவெளி நகரின் இடுகாட்டிலிருந்து 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆய்ந்தும், பயன்தரும் மரபணு கிடைத்தது ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான். 2019-இல் அம்முடிவு வெளிவந்தபோது, ஆரியர் வருகை நிலைநாட்டப்பட்டது என்று சில ஏடுகளும், மறுக்கப்பட்டது என்று வேறு சில ஏடுகளும் ஒரே நாளில் எழுதின. பெயர் அறியப்படாத ஒரு பெண், தாம் இறந்து நாலாயிரம் ஆண்டுகளுக்குப்பின், தாம் கேட்டறியாத ஒரு வழக்கில் இருதரப்புக்கும் சாட்சியாக நிறுத்தப்பட்டார்.

கொந்தகையின் இரு முகங்களையும் இவ்வாறே நோக்கவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் அளித்த தரவுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்சு பல்கலைக்கழகத்து வல்லுநர் அம்முகங்களை உருவாக்கினர். எலும்பின் வடிவிலிருந்து தசையின் பருமனைக் கணித்து மூக்கு, தாடை, கன்னம் ஆகியவற்றை அமைப்பது தேர்ந்த கலை. ஆனால் தோலின் நிறமும் விழியின் நிறமும் மயிரின் அமைப்பும் ஓட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை. அவை இன்று அப்பகுதியில் வாழ்வோரைப் பார்த்து இடப்படுபவை. அம்முகத்தைப் பார்த்து, 'நம்மைப்போலவே இருக்கிறாரே' என்று வியக்கும்போது, நம்மைப் பார்த்தே இட்ட நிறத்தை நாம் வியக்கிறோம் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். படம் அமைத்தோர் இதனை மறைக்கவில்லை, பார்ப்போர்தாம் மறந்துவிடுகின்றனர்.

மரபணு பழைய விளக்கத்தைத் திருத்தியதற்கு ஓர் எடுத்துக்காட்டு பொம்பெயி நகரிலிருந்து வருகிறது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய அந்நகரில், பொன் கடகம் அணிந்த ஒருவர் மடியில் ஒரு குழந்தையோடு இறந்த நிலையில் காணப்பட்டார். சாம்பலில் பதிந்த வெற்றிடத்தில் சுண்ணக்குழம்பு வார்த்து எடுத்த அவ்வுருவத்தைத் தாயும் சேயும் என்றே உலகம் அழைத்தது. தாயன்பைப் பற்றிய அருளுரைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? 2024 நவம்பரில் வெளிவந்த ஆய்வு, பெரியவர் ஓர் ஆண் என்றும் அக்குழந்தைக்கு இரத்த உறவினர் அல்லர் என்றும் காட்டிற்று. கடகம் அணிந்தவர் பெண்ணாகவே இருப்பார், குழந்தையை ஏந்தியவர் தாயாகவே இருப்பார் என்னும் இரண்டு எண்ணங்களும் பார்த்தவர்கள் கொண்டுவந்தவை. அம்மனிதர் அக்குழந்தையை ஏன் ஏந்தினார் என்பதை மரபணு சொல்லாது. ஆயின் உறவினரல்லாத பிள்ளையை அழிவின் நேரத்தில் ஒருவர் அணைத்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, பழைய விளக்கத்தைவிடப் புதியது நற்செய்திக்குத் தொலைவில் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அதுவும் நம் விளக்கமே என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

5. எருசலேமின் குதிகால் எலும்பு

இறையியல் மாணாக்கர் யாவரும் அறியவேண்டிய சான்று ஒன்று உண்டு. 1968-இல் எருசலேமின் வடகிழக்கே கிவாத் ஹமிவ்தார் என்னுமிடத்தில், முதல் நூற்றாண்டுக் கல்லறையொன்றில் எலும்புப் பேழைகள் கிடைத்தன. இறந்தவரை முதலில் கல்லறையில் கிடத்தி, சதை மறைந்தபின் எலும்புகளைத் திரட்டிக் கற்பேழையில் வைப்பது அக்கால யூதரிடையே இருந்த வழக்கம். யெகோகனான் என்னும் பெயர் பொறித்த ஒரு பேழையில், ஆணி ஏறிய குதிகால் எலும்பு இருந்தது. சிலுவையில் அறையப்பட்ட மனிதனின் எலும்பு நேரடிச் சான்றாகக் கிடைத்தது அதுவே முதன்முறை.

எலும்புகளை மறு அடக்கத்திற்கு ஒப்படைக்கவேண்டியிருந்தமையால் ஆய்வாளர் ஹாசுக்குச் சில வாரங்களே கிடைத்தன. ஒரே ஆணி இரு குதிகால்களையும் துளைத்தது என்றும், கால்கள் ஒருபக்கமாக மடக்கப்பட்டிருந்தன என்றும் அவர் 1970-இல் எழுதினார். அவ்விளக்கத்தையொட்டி வரைபடங்கள் நூல்களில் வந்தன. பெரிய வெள்ளித் தியானங்களிலும் நுழைந்தன. 1985-இல் சையசு, செகெலசு ஆகிய இருவரும் அதே எலும்பை மீண்டும் ஆராய்ந்தனர். ஆணியின் நீளம் 11.5 சென்டிமீட்டர் மட்டுமே. அது இரு குதிகால்களுக்குப் போதாது. துளைத்தது வலது குதிகாலை மட்டுமே. கையில் ஆணி ஏறியதற்குத் திட்டமான அடையாளம் இல்லை என்று முடிவு கூறினர். பதினைந்து ஆண்டுகளாகப் பேசப்பட்ட படம் மாறிற்று.

இதனால் ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய நற்செய்தி நூல்களின் சாட்சி அசைந்ததா? இல்லை. யெகோகனான் ஒரு மனிதர்; உரோமப் போர்வீரர் பல வகையில் அறைந்தனர். ஆனால் 1970-இன் படத்தை விசுவாசத்திற்குத் துணைத்தூணாக நட்டவர்களுக்கு 1985 இடறலாயிற்று. அறிவியல் தந்ததை நன்றியோடு ஏற்கலாம், ஆராதிக்கலாகாது. அது தன்னைத் திருத்திக்கொள்வது அதன் சிறப்பு. திருத்தப்படக்கூடியதன்மேல் விசுவாசத்தைக் கட்டுவது நம் பிழையாகும்.

6. மூன்று குரல்கள்

இவையனைத்திலிருந்தும் நாம் கொள்ளும் முடிவு இதுவே. தொல்புதைவின் முன் மூன்று குரல்கள் கேட்கின்றன. அவற்றை ஒன்றாகக் கலக்கலாகாது. முதலாவது எலும்பின் குரல். இறந்தவரின் வயது, பால், நோய், முறிந்து கூடிய எலும்பு, சுமந்த பாரம், உண்ட தானியம், இளமையில் குடித்த நீர் ஆகியவற்றை எலும்பும் பல்லும் கூறவல்லவை. நெல் உண்டவனையும் கம்பு கேழ்வரகு உண்டவனையும் எலும்பின் கார்பன் வேறுபடுத்தும். பல்லின் மேற்பூச்சு சிறுவயதில் உருவாகிப் பின் மாறாதாகையால், வளர்ந்த ஊரின் நீரை அது நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாவது குழியின் குரல். அடக்கம் செய்தவர்கள் எவ்வளவு உழைத்தனர், எதை உடன் வைத்தனர், எவ்வரிசையில் செய்தனர் என்பதை அது கூறும். மூன்றாவது நம் குரல். ஏன் செய்தனர், எதை நம்பினர் என்று நாம் கூறுவது அனைத்தும் இதில் அடங்கும்.

பிரசங்கிமார் இடறுவது இம்மூன்றாவதில்தான். தாழியில் உடலை மடக்கி வைத்திருப்பதைக் கண்டு, தாழி கருப்பை என்றும், மறுபிறப்பின் நம்பிக்கை அதில் உண்டு என்றும் கூறுவர். அழகிய கருத்து. ஆனால் தாழிக்குள் முழு உடலை வைக்கவேண்டுமாயின் மடக்கியே வைக்கமுடியும். எலும்புகளை மட்டும் திரட்டி வைத்த தாழிகளும் உள்ளன. அவற்றிற்கு அவ்விளக்கம் பொருந்தாது. நெல்லையும் கலங்களையும் கண்டு மறுமை நம்பிக்கை என்பர். அன்புள்ளவருக்குக் கடைசியாகச் செய்யும் மரியாதையாகவும் அது இருக்கலாமன்றோ? இறந்தவர் பயன்படுத்திய பொருளைத் தொட வீட்டார் அஞ்சியதாகவும் இருக்கலாம்.

எழுத்துச் சான்று கிடைக்குமிடத்தில் நாம் சற்று உறுதியாகப் பேசலாம். புறநானூற்றின் 256 ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனிடம் வேண்டுகிறாள். அங்கே மறுமையைப் பற்றிய கோட்பாடு இல்லை. பிரிவாற்றாத துயரம் இருக்கிறது. தாழி செய்த காலத்து மனிதரின் உள்ளத்திற்கு மிக அண்மையில் நம்மைக் கொண்டுசெல்வது இத்தகைய சொல்லே. அச்சொல்லும் நம் கோட்பாட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

மறுபக்கத்தில், நம்பிக்கையற்ற புறஇனத்தார் என்று தாழியோரை ஒரே சொல்லில் தள்ளிவிடும் பிரசங்கமும் உண்டு. அதற்குத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரம் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பவுல் அங்கே துயருற்ற விசுவாசிகளைத் தேற்றுகிறார். பிறருடைய கல்லறைகளைச் சோதித்துத் தீர்ப்பு எழுதவில்லை. ஆமோசின் இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தை நோக்குக. ஏதோமின் அரசனுடைய எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டதற்காக மோவாபின்மேல் கர்த்தரின் தண்டனை அறிவிக்கப்படுகிறது. ஏதோமியன் உடன்படிக்கைக்கு உட்பட்டவன் அல்லன்; இஸ்ரவேலுக்குப் பகைவனுங்கூட. எனினும் அவன் எலும்புக்கு இழைத்த அவமதிப்பைக் கடவுள் கணக்கில் வைத்தார். தாழியில் கிடப்பவரை மதிக்க அவரை முற்கால விசுவாசியாக்கவேண்டிய தேவை இல்லை. மூதாதையென நிலைநாட்டவேண்டிய தேவையும் இல்லை. அவர் மனிதர் என்பது போதும்.

7. நம் கல்லறைத் தோட்டங்கள்

இக்கேள்விகள் தாமிரவருணிக் கரையோடு முடிவதில்லை. சென்னைக்கு வடக்கே அமிர்தமங்கலத்திலும் தாழிப்புதைவுகள் 1950-களில் இந்தியத் தொல்லியல் துறையின் பானர்ஜியால் அகழப்பட்டன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் துறைமுகத் தொழிற்பகுதியில் பணியாற்றும் ஆயருக்கு, இன்றைய அடக்கமே இக்கேள்வியை முன்வைக்கிறது. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம் போன்ற இடங்களில் புதுக்குழிக்கு நிலம் அரிதாகிவிட்டது. குடும்பக் கல்லறையைத் திறந்து, முன்பு அடங்கியவரின் எலும்புகளைத் திரட்டி ஒதுக்கி, புதிதாக இறந்தவரை அங்கேயே வைப்பது வழக்கமாயிற்று. தாத்தாவின் எலும்பை முதன்முறை காணும் பேரப்பிள்ளை கலங்கி, இது முறையா, உயிர்த்தெழுதலுக்குத் தடையாகுமா என்று ஆயரிடம் கேட்கிறான்.

தொல்புதைவுகளைக் கற்ற ஆயர் அவனுக்கு விடை கூற இயலும். எலும்புகளைத் திரட்டி மீண்டும் வைப்பது அவமதிப்பன்று. தாழி செய்த தமிழரும், எருசலேமின் யூதரும் அதனை அன்போடு செய்தனர். யோசேப்பின் எலும்புகள் எகிப்திலிருந்து சீகேம்வரை சுமந்துசெல்லப்பட்டன. ரிஸ்பாளின் காவலைக் கேள்வியுற்ற தாவீது, சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளைத் திரட்டி அடக்கினான். உயிர்த்தெழுதல் எலும்புகள் இருந்த இடத்திலேயே இருப்பதைச் சார்ந்ததாயின், கடலில் மாண்ட மீனவருக்கு நம்பிக்கை ஏது? அது படைத்தவரின் வல்லமையைச் சார்ந்தது. ஆனால் திரட்டும் கை எத்தகைய கை, ஒரு பெயரைச் சொல்லி ஒரு செபத்தோடு செய்யப்படுகிறதா, மண்வெட்டியால் வாரி மூலையில் எறியப்படுகிறதா என்பதில் திருச்சபையின் விசுவாசம் வெளிப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. எலும்பு இனத்தைக் கூறும் என்ற 1930-இன் எண்ணத்தை நாம் குறைகூறுகிறோம். ஆயின் சாதிக்கொரு பகுதியும் நடுவே சுவரும் கொண்ட கல்லறைத் தோட்டங்கள் தமிழகத் திருச்சபைகளில் இருந்தன. சில இடங்களில் இன்றும் உள்ளன. நாளை ஓர் ஆய்வாளர் அச்சுவரின் இருபுறமும் தோண்டினால், எலும்பில் சாதியைக் காணமாட்டார். சுவரைக் காண்பார். ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்ன மக்கள் ஏன் இடையே கல் அடுக்கினர் என்று அவர் கேட்கும்போது, குழியின் குரல் நமக்கு எதிராகச் சாட்சி கூறும்.

எலும்பின் குரலும் இப்பகுதியில் கவனிக்கத்தக்கது. காரீயம் போன்ற உலோகங்கள் உடலில் புகுந்தால் எலும்பிலும் பல்லிலும் நெடுங்காலம் தங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி மீனவரின் படகிலும் வலையிலும் ஒட்டிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் முதுகெலும்பும், ஆலைப் புகையிடையே வளர்ந்த பிள்ளையின் பல்லும் ஒருநாள் படிக்கப்படுமாயின், நாம் எழுதும் ஆண்டறிக்கைகளைவிட அவை உண்மையாகப் பேசும். இறந்து மூவாயிரம் ஆண்டானவர் என்ன நீர் குடித்தார் என்று அறிய இத்துணை ஆர்வம் காட்டும் நாம், உயிரோடிருப்பவர் குடிக்கும் நீரைப் பற்றிக் கேளாதிருப்பது முறையாகுமா? எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் தீர்க்கதரிசி முதலில் எலும்புகளைச் சுற்றி நடத்தப்பட்டார். அவை எவ்வளவு உலர்ந்தவை என்று கண்டபின்னரே பேசுமாறு கட்டளை பெற்றார். காணாமல் பேசுவது அவருக்கு அருளப்படவில்லை.

முடிவாக, திருப்பணியாளரிடமும் மாணாக்கரிடமும் நாம் வேண்டுவன மூன்று. தொல்லியல் செய்தியைப் பிரசங்கத்தில் எடுத்தாளும்போது, ஆய்வு கூறியது இவ்வளவு, நாம் கருதுவது இவ்வளவு என்று சபையாருக்குப் பிரித்துச் சொல்லுங்கள். அடக்கப் பதிவேட்டை ஒழுங்காகக் காத்து, கல்லறை திறக்கப்படும்போது உள்ளிருப்பவரின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். நம் முறைநூல்களில் அதற்கென ஒரு சிறு வழிபாட்டு ஒழுங்கு சேர்க்கப்படல் நன்று. மூன்றாவதாக, கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்குமாயின், அதனை நாளைய ஆய்வாளருக்கு விட்டுவைக்காமல் நம் காலத்திலேயே இடித்துவிடுங்கள்.